பிரசன்ட் பெர்ஃபெக்டுக்கு ‘இருப்பு நிகழ்காலம்’ சரிவருமா?

ஐயாவுக்கும் அக்காவுக்கும் மற்றவர்களுக்கும் வணக்கம்.

ஆங்கிலத்தில் ‘ஐ ஹேவ் சீன்’ போல வரும் பிரசன்ட் பெர்ஃபெக்டுக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று இங்கே பேசிவருகிறோம். அதற்கு ‘நிகழ்கால முற்று’ வேண்டாம். நம் இலக்கணத்தில் வந்தான், வருகிறான், வருவான் மூன்றுமே முற்றுதான், அதே சொல்லை ஆங்கிலத்துக்கு வேறு பொருளில் கொடுத்தால் பிள்ளைகள் குழம்பத்தான் செய்வார்கள். அக்கா சொன்ன ‘நிறைவு நிகழ்காலம்’ பரவாயில்லை, ஆனால் நிறைவு என்றதும் முடிந்துபோனது என்றே படுகிறது. முடிந்ததைச் சொல்லத்தான் சிம்பிள் பாஸ்ட், அதாவது சாதாரண இறந்தகாலம், இருக்கிறதே.

திருமங்கலத்தில் சாயங்காலம் பாடம் சொல்லித் தருகிறேன். ‘ஐ ஹேவ் சீன் அழகர் லாஸ்ட் இயர்’ என்று எழுதாத பிள்ளை இல்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஏனென்றால் ‘போன வருஷம் எதிர்சேவைக்கு (மதுரைக்கு வரும் அழகரை எதிர்கொண்டு வரவேற்பதற்கு) வந்திருக்கிறேன்’ என்பது நல்ல தமிழ், அதைத்தான் அப்படியே கொண்டுபோகிறார்கள். ஆங்கிலத்தில் ‘லாஸ்ட் இயர்’ வந்துவிட்டால் ‘ஐ சா’ (saw) என்ற சிம்பிள் பாஸ்ட்தான். ‘திஸ் இயர்’ என்றால் ‘ஹேவ் சீன்’ சரி, வருஷம் இன்னும் முடியவில்லை அல்லவா.

இதை எப்படிப் புரியவைப்பது என்று பல நாள் திணறி, கடைசியில் அப்பாவின் பேரேடுதான் கைகொடுத்தது. அவர் கீழமாசி வீதியில் மொத்தக் கடையில் கணக்கு எழுதியவர். வரவு என்றைக்கு வந்ததோ அந்தத் தேதியில் எழுதுவார், இருப்பு மட்டும் இன்றைக்கு உள்ளது. போன வருஷத்து வரவும் அதற்குள்தான் இருக்கும், ஆனால் இன்றைய இருப்புக்குப் பக்கத்தில் போன வருஷத் தேதியைப் போட முடியாது. சிம்பிள் பாஸ்ட் வரவு, பிரசன்ட் பெர்ஃபெக்ட் இருப்பு. இப்படிச் சொன்ன அன்றைக்கே பாதிப் பேர் திருத்தி எழுதினார்கள்.

சொல்லும் நம் வினைக்குள்ளேயே இருக்கிறது: வந்து + இருக்கிறேன். அதனால் ‘இருப்பு நிகழ்காலம்’ என்கிறேன். வந்திருந்தேன் என்பது இருப்பு இறந்தகாலம், வந்திருப்பேன் என்பது இருப்பு எதிர்காலம். மூன்றுக்கும் ஒரே அடி.

‘வந்துகொண்டிருக்கிறேன்’ என்பதிலும் ‘இரு’ உண்டே என்று ஐயா கேட்பார். அங்கே ‘கொண்டு’ சேர்ந்து வருகிறது, அதற்குத் தொடர் என்ற பெயர் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது, அதைத் தொட வேண்டாம்.

ஒன்றை மறைக்கக் கூடாது. நம் ‘இரு’ ஆங்கில ‘ஹேவ்’வை விட அகலம். ‘காந்தி மதுரைக்குப் பலமுறை வந்திருக்கிறார்’ என்று நாம் இயல்பாகச் சொல்வோம், 1921இல் அவர் அரையாடைக்கு மாறியதே இங்கேதான். ஆங்கிலத்தில் மறைந்தவரைப் பற்றி ‘காந்தி ஹேஸ் விசிடட் மதுரை’ என்றால் காதுக்கு இடறும், ‘விசிடட்’ போதும். கணக்கை மூடியபின் இருப்பு ஏது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறேன். அப்புறம், பிரிட்டிஷ்காரர் ‘ஐ ஹேவ் ஜஸ்ட் ஈட்டன்’ என்னும் இடத்தில் அமெரிக்கர் ‘ஐ ஜஸ்ட் ஏட்’ என்பதும் உண்டு, அதைப் பிழை என்று அடிக்கக் கூடாது.

எனக்கு இன்னும் உறுத்துவது ‘வந்திருப்பான்’. ‘அவன் இந்நேரம் வீட்டுக்கு வந்திருப்பான்’ என்றால் அது எதிர்காலமே இல்லை, ஊகம். ஆங்கிலத்து ‘வில் ஹேவ் கம்’முக்கும் இதே ஊகப் பொருள் உண்டு. அப்படியானால் ‘இருப்பு எதிர்காலம்’ என்ற பெயர் நிற்குமா, அல்லது அதற்கு மட்டும் வேறு பெயர் பார்க்க வேண்டுமா? ஐயா இதற்கு ஒரு வழி சொல்ல வேண்டும்.