எடையைக் கூட்டினாலும் கட்டை அதே சாய்வில்தான் வழுக்குகிறது. ஏன்?

கேள்வி:
வணக்கம். விசையும் இயக்கமும் பற்றிய பாடத்தை என் மகளுக்குச் செய்து காட்டுவதற்காக, ஒரு மீட்டர் நீளமுள்ள பலகையின் ஒரு முனையைத் தரையில் ஊன்றி, மேலே ஒரு மரக்கட்டையை வைத்து, மறுமுனையைச் சிறிது சிறிதாக உயர்த்தினோம். வெகுநேரம் அசையாதிருந்த கட்டை, முனை 37 செ.மீ. உயரத்தை எட்டியதும் சட்டென்று வழுக்கியது. கீழே வரவர வேகமும் எடுத்தது. அதன்மேல் அதே அளவுள்ள இன்னொரு கட்டையை ஏற்றியபோதும் ஏறக்குறைய அதே உயரத்தில்தான் நகர்ந்தது. எடை கூடினால் முன்னதாகவே வழுக்கும் என்றாள் அவள். எடை பலகையை அழுத்துவதால் தாமதமாகும் என்றேன் நான். இரண்டும் நடக்கவில்லை. பலகையை அசைக்காமல் பிடித்திருந்தும் கட்டையின் வேகம் ஏன் கூடியது என்பதும் விளங்கவில்லை.

மறுமொழி 1:
நீங்கள் இருவரும் கருதியது சரியே. இரண்டும் ஒருங்கே நிகழ்ந்து ஒன்றையொன்று ஈடுசெய்துவிடுகின்றன. புவி கட்டையை நேர்கீழாக இழுக்கிறது. பலகை சாய்ந்திருப்பதால் அந்த ஈர்ப்பின் ஒரு கூறு கட்டையைச் சரிவின் வழியே கீழே இழுக்க, மற்றொரு கூறு அதைப் பலகையோடு அழுத்துகிறது. உராய்வின் உச்ச அளவு இந்த அழுத்தத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்று பிரான்சின் இயற்பியலாளர் அமோன்டன் 1699இல் எடுத்துரைத்தார். எடை இருமடங்கானால் இழுப்பும் இருமடங்காகும், தடுப்பும் இருமடங்காகும். ஆகவே சாய்வு மாறுவதில்லை. வழுக்கத் தொடங்கும்போதுள்ள உயரத்தைக் கிடைத்தொலைவால், அதாவது பலகையின் இரு முனைகளுக்கிடையே தரைவழியே உள்ள தொலைவால் வகுத்தால், உராய்வு அந்த அழுத்தத்தில் எத்தனை பங்கு என்று காட்டும் உராய்வுக் குணகமே கிடைத்துவிடும். உங்கள் பலகைக்கு 37ஐ 93ஆல் வகுக்க, ஏறத்தாழ 0.40. கட்டையைக் குறுகிய பக்கத்தில் படுக்க வைத்தும் பாருங்கள். எல்லாப் பக்கங்களும் ஒரே வழவழப்பாக இருந்தால் இந்த எண் பெரிதாக மாறாது.

மறுமொழி 2:
வேகம் கூடியதற்கு விடை சொல்கிறேன். அசையாத கட்டையின்மேல் செயல்படும் நிலை உராய்வுக்கு நிலையான அளவு கிடையாது. பலகையைச் சிறிதளவு சாய்த்தால் அதுவும் சிறிதளவே தடுக்கும். சாய்வு கூடக்கூடத் தானும் கூடி, ஒரு உச்சத்துக்குமேல் போக முடியாமல் கைவிட்டுவிடும். பாடநூல்கள் இதை ஒரே வரியில் கடந்துவிடுவதால்தான் பிள்ளைகள் இங்கே தடுமாறுகிறார்கள் என்பது என் எண்ணம். கட்டை நகர்ந்தவுடன் பொறுப்பேற்கும் இயக்க உராய்வு அந்த உச்சத்தைவிடக் குறைவானது. இழுப்பு அப்படியே இருக்கத் தடுப்பு மட்டும் குறைந்துவிடுவதால், எஞ்சிய விசை கட்டையை முடுக்குகிறது. முனையைச் சற்றுத் தாழ்த்தி, பலகையை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே, கட்டை ஒரே வேகத்தில் இறங்கும் உயரத்தைக் கண்டுபிடியுங்கள்.

கேள்வி கேட்டவர்:
மிக்க நன்றி. ஏழெட்டு முறை முயன்றபின் 31 செ.மீ. உயரத்தில், ஒரு தட்டுக்குப் பிறகு கட்டை சீராக இறங்கியது. இறங்குகிறது என்றால் இழுப்பு உராய்வைவிடக் கொஞ்சமாவது அதிகமாகத்தானே இருக்க வேண்டும் என்று மகள் கேட்கிறாள்.

மறுமொழி 3:
அதிகமாக இருந்தால் வேகம் கூடிக்கொண்டே போயிருக்கும். ஒரே வேகத்தில் இறங்கியதே இழுப்பும் உராய்வும் சமம் என்பதற்குச் சான்று. நிகர விசை இல்லாதபோது நிற்பது நிற்கும், நகர்வது அதே வேகத்தில் நேர்கோட்டில் நகரும் என்று நியூட்டன் 1687இல் வகுத்த முதல் விதி கூறுவது இதையே. உங்கள் அளவீட்டின்படி இயக்க உராய்வுக் குணகம் 31ஐ 95ஆல் வகுத்த 0.33. இதைக் கொண்டு கணக்கிட்டால், முதலில் 37 செ.மீ. உயரத்தில் கட்டை நொடிக்கு நொடி ஏறத்தாழ 0.6 மீ./வி. வீதம் வேகம் கூடி வந்திருக்கிறது. மகளிடம் 31 செ.மீ. உயரத்திலேயே கட்டையை ஒருமுறை தட்டாமலும் ஒருமுறை தட்டியும் விடச் சொல்லுங்கள். முதல்முறை அது நிற்கும், மறுமுறை இறங்கும். இரண்டிலும் உராய்வு இழுப்புக்குச் சமமாகவே இருக்கும்.