மேட்டு வீதி குடும்பங்கள்: சிறுவர் பூங்கா ஊஞ்சல் விஷயம்

ஞாயிறு

கவிதா, மாலை 6.42
எல்லோருக்கும் ஒரு விஷயம். இன்று சிறுவர் பூங்காவில் ஊஞ்சல் கழன்று என் சின்னவள் விழுந்துவிட்டாள். நாடியில் மூன்று தையல். இப்போது பரவாயில்லை, கஞ்சி குடித்துவிட்டுத் தூங்குகிறாள். இடது பக்க ஊஞ்சலில் யாரும் பிள்ளைகளை ஏற்ற வேண்டாம். வலது பக்கத்தையும் நம்பாதீர்கள்.

செல்வம் அண்ணன், 6.44
ஐயோ தங்கச்சி! ஒரு கோல் எடுத்திருக்கலாமே. ஓட்டோ வாசலிலேயேதான் நின்றது.

கவிதா, 6.47
கை நடுங்கிக்கொண்டிருந்தது அண்ணே, போனை எடுக்கவே முடியவில்லை. பேரனோடு வந்திருந்த ஒரு சிங்களத் தாத்தா தன் வேனில் ஏற்றிக்கொண்டு போனார். தையல் போட்டு முடியும் வரை கூடவே இருந்தார். பெயரைக் கூடக் கேட்காமல் விட்டுவிட்டேன்.

ரிஸ்வான் நானா, 6.51
அல்லாஹ் காப்பாற்றினான். பல்லுக்கு ஒன்றும் இல்லையே தங்கச்சி?

கவிதா, 6.52
இல்லை நானா. நாக்கைக் கடித்திருக்கிறாள், அவ்வளவுதான்.

கவிதா, 6.58
(படம்)
இதுதான் கழன்ற கொக்கி. கீழே கிடந்தது, எடுத்து வந்துவிட்டேன். மேல் வளைவைப் பெரிதாக்கிப் பாருங்கள். சங்கிலி உரசி உரசி உள்பக்கம் தேய்ந்து, சுண்டுவிரல் தடிமனாக இருந்த கம்பி தீக்குச்சி அளவுக்கு வந்திருக்கிறது. அறுந்த முனை மட்டும் பளபளவென்று இருக்கிறது, மற்றதெல்லாம் துரு. ஒரே நாளில் வந்த தேய்மானம் இல்லை இது. யாராவது ஒருவர் ஏணி வைத்து ஏறிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும்.

தினேஷ், 7.05
அக்கா, இந்த ஊரின் மழைக்கும் மூடுபனிக்கும் இரும்பு தாங்காது. நான் வேலை செய்யும் கராஜில் வெளியே போட்ட போல்ட் ஒரு மழைக்காலத்திலேயே சிவந்துவிடும். கொக்கியை மாதத்துக்கு ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், கிரீஸ் போட வேண்டும். அப்புறம் அந்த ஊஞ்சலுக்குக் கீழே கொங்கிரீட். அதைப் போட்டவர் யாரோ தெரியவில்லை. ஊஞ்சலுக்குக் கீழே மணல்தான் இருக்க வேண்டும், ஒரு அடி ஆழத்துக்காவது.

சாந்தி டீச்சர், 7.09
சேறு மிதிபடாமல் இருக்கட்டும் என்று போட்டிருப்பார்கள் தம்பி. நல்ல எண்ணம்தான், ஆனால் தலை மோதும் இடத்தில் போட்டுவிட்டார்கள். கவிதா, பிள்ளை நாளைக்குப் பள்ளிக்கூடம் வர வேண்டாம். வகுப்பு டீச்சரிடம் நான் சொல்கிறேன்.

செல்வம் அண்ணன், 7.15
நாமே புதுக் கொக்கி வாங்கிப் போட்டுவிடலாமே. நானாவின் கடையில் இருக்குமே.

ரிஸ்வான் நானா, 7.21
கொக்கி இருக்கிறது, காசு வேண்டாம். ஆனால் தம்பி, உள்ளூராட்சி சபைக்குச் சொந்தமான சாமானில் நாமாகக் கை வைத்து, நாளைக்கு வேறொரு பிள்ளை விழுந்தால் யார் பொறுப்பு? எழுத்தில் அனுமதி வாங்கிக்கொண்டு செய்வோம். மணலும் அப்படித்தான். ஆற்றிலிருந்து நாமே அள்ளிக்கொண்டு வர முடியாது, ஏற்றி இறக்கவும் பர்மிட் வேண்டும். கடை வழியாக வந்தால் பிரச்சினை இல்லை.

கவிதா, 7.34
நானா சொல்வது சரி. அதோடு எனக்கு இன்னொன்று சொல்ல வேண்டும். கொக்கி மாற்றினால் ஊஞ்சல் மட்டும்தான் சரியாகும். கேட்டை ஐந்து மணிக்குப் பூட்டுகிறார்களே, அதை யார் கேட்பது? பள்ளிக்கூடம் ஒன்றரைக்கு விடுகிறது, அப்புறம் டியூஷன். நான் வேலை முடிந்து பஸ் பிடித்து வந்து சேர ஐந்து மணி. என் பிள்ளைகளுக்குப் பூங்கா என்றால் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான். அதனால்தான் ஞாயிறு என்றால் இரண்டு ஊஞ்சலுக்கு நாற்பது பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். கொக்கி தேயாமல் என்ன செய்யும்?

லெட்சுமி அக்கா, 7.50
(அம்மா சொல்வதை நான் டைப் செய்கிறேன், மகள்.) கவிதா, பிள்ளை எப்படி இருக்கிறாள்? நாங்கள் தோட்டத்திலிருந்து மூன்று கட்டை (மைல்) நடந்துதான் டவுனுக்கு வருகிறோம். சம்பளம் கிடைத்த ஞாயிறு சாமான் வாங்கிவிட்டு, பிள்ளைகளை ஒரு மணி நேரம் பூங்காவில் விடுவேன். லயத்து வரிசை வீட்டில் எங்கே விளையாடுவது? காம்பரா, ஒரே அறை, பத்தடிக்குப் பன்னிரண்டடி. வாசலில் தண்ணீர் ஓடும் கான், கானைத் தாண்டினால் தேயிலை. பந்து ஒரு தடவை சரிவில் உருண்டால் பள்ளத்து ஓடையில் போய்த்தான் எடுக்க வேண்டும். பூங்காவில் டொய்லட் பூட்டியே கிடக்கிறது, அதுதான் கஷ்டம். போன மாதம் என் மகளை கடை கடையாகக் கூட்டிக்கொண்டு போய்க் கேட்டேன்.

சாந்தி டீச்சர், 7.58
லெட்சுமி சொன்ன விஷயத்தைக் கடிதத்தில் முதலாவதாகப் போட வேண்டும். கேட்டில் தொங்கும் சாவிக்காரரின் நம்பருக்கு நானும் இரண்டு தடவை அடித்தேன், எடுக்கவில்லை. வயசுப் பிள்ளைகளும் சின்னப் பிள்ளை வைத்திருக்கும் தாய்மாரும் டொய்லட் இல்லாத இடத்தில் எவ்வளவு நேரம் இருப்பார்கள்?

முருகையா தாத்தா, இரவு 8.20
பிள்ளை சுகமாகட்டும், முருகன் துணை. நானும் ஒரு வார்த்தை சொல்கிறேன். மலையில் மண்ணுக்குப் பஞ்சமில்லை, மட்டமான மண்ணுக்குத்தான் பஞ்சம். இந்த ஊரில் பஸ் ஸ்டாண்டை விட்டால் மட்டமான இடம் இரண்டே இரண்டு: கீழ் மைதானம், இந்தப் பூங்கா. அதனால்தான் எல்லோருடைய கண்ணும் அதன் மேல். கார்னிவலா, கீழ் மைதானம். கூட்டமா, கீழ் மைதானம். ஏப்ரல் சீசனில் வாகனம் நிறுத்தவும் கீழ் மைதானம்தான். வெள்ளைக்காரன் நுவரெலியாவில் 1873ல் கிரகரி வாவியைக் கட்டினான், 1889ல் கோல்ஃப் கிளப் தொடங்கினான், குதிரைப் பந்தயத்துக்கும் இடம் விட்டான். தனக்கு ஓய்வு வேண்டும் என்றதும் மலையிலும் மட்டமான இடத்தைக் கண்டுபிடித்தான். மலையை வெட்டித் தேயிலை நட்ட நம் சனத்துக்குத்தான் காம்பராவோடு நின்றுபோனது. இருக்கிற இரண்டையாவது பிள்ளைகளுக்கு விட்டுவைக்க வேண்டும்.

தினேஷ், 8.26
உண்மை தாத்தா. போன கார்னிவல் முடிந்து கூடாரக் கட்டைகளைப் பிடுங்கினார்கள், குழியை மூடவில்லை. வொலிபோல் பிரக்டிஸில் எங்கள் பையன் ஒருவனின் கணுக்கால் பிசகி ஆறு வாரம் விளையாடவில்லை. ஒரு வாளி நிறைய ஆணியும் கண்ணாடித் துண்டும் பொறுக்கினோம். வாடகைக்கு விடுகிறவர்கள் முதலில் ஒரு வைப்புப் பணம் வாங்கி, மைதானத்தைப் பழையபடி ஒப்படைத்த பிறகு திருப்பிக் கொடுத்தால் என்ன?

சாந்தி டீச்சர், 8.29
நல்ல யோசனை தினேஷ். எழுதிக்கொள்கிறேன்.

நிரோஷா, 8.33
டீச்சர், பெண் பிள்ளைகளுக்கும் கிரவுண்டில் ஒரு நேரம் கேளுங்கள். நாங்கள் நெட் கட்டினால் அண்ணன்மார் கிரிக்கெட் விளையாட வந்துவிடுகிறார்கள். தினேஷ் அண்ணாவின் ஆட்கள்தான்.

தினேஷ், 8.36
சரி தங்கச்சி, அது எங்கள் பிழைதான். செவ்வாயும் வியாழனும் நான்கு மணியிலிருந்து உங்களுக்கு. பையன்களிடம் இன்றைக்கே சொல்கிறேன்.

நிரோஷா, 8.37
நன்றி அண்ணா. அம்மாவிடமும் சொல்லிவிட்டேன்.

செல்வம் அண்ணன், 8.45
நுவரெலியா விக்டோரியா பூங்கா எவ்வளவு அழகாக இருக்கிறது! போன வருசம் ஹயருக்குப் போனபோது பார்த்தேன். அந்த மாதிரி நம் ஊரிலும் செய்யச் சொல்லிக் கேட்போமா?

சாந்தி டீச்சர், 8.57
அழகுதான் செல்வம். ஹக்கல தாவரவியல் பூங்காவின் ஆராய்ச்சித் தோட்டமாக இருந்த இடம் அது. 1897ல் விக்டோரியா மகாராணியின் வைர விழாவுக்காக அந்தப் பெயர் வைத்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போனபோது பின்பக்கம் ஓடை ஓரப் புதரில் ஒரு ஆறுமணிக்குருவி தத்தித் தத்தி இரை பொறுக்கியது. குளிர் காலத்துக்கு இந்தியாவிலிருந்து வருகிற குருவி. முப்பது பிள்ளைகளும் மூச்சு விடாமல் நின்றார்கள், என் சேவையில் அப்படி ஒரு அமைதியை நான் கண்டதில்லை. ஆனால் அங்கே டிக்கட் எடுக்க வேண்டும், பஸ்ஸுக்கும் காசு வேண்டும். வருசத்துக்கு ஒரு தடவை போகலாம். நமக்கு வேண்டியது தினமும் நடந்து போய் வரக்கூடிய இடம். பூப்பாத்தி அப்புறம் வரட்டும். முதலில் மணல், திறந்த கேட், தண்ணீர் வருகிற டொய்லட், தாத்தா உட்கார ஒரு வாங்கு.

முருகையா தாத்தா, 9.02
வாங்கு பலகை இத்துப்போய் இரண்டு வருசம் மகள். படியில்தான் உட்காருகிறேன். எழும்ப ஆள் வேண்டும்.

கவிதா, 9.06
தாத்தா, நீங்கள் ஏன் இதை முதலிலேயே சொல்லவில்லை?

முருகையா தாத்தா, 9.10
யாரிடம் சொல்வது? 2023 மார்ச்சில் சபை கலைந்ததிலிருந்து 2025 மேயில் தேர்தல் நடக்கும் வரை மெம்பர் என்று ஒருவரும் இல்லை. சபைக் கந்தோருக்குப் போனால் அடுத்த மேசையைக் காட்டுவார்கள். இப்போது மெம்பர்மார் இருக்கிறார்கள், கேட்கலாம்.

திங்கள்

சாந்தி டீச்சர், காலை 5.50
இரவே கடிதம் எழுதிவிட்டேன். தமிழில்தான் எழுதினேன், தமிழும் அரச கரும மொழி, வாங்க மறுக்க முடியாது. சிங்களப் பிரதி ஒன்றும் வைப்போம், அந்த வேன் தாத்தா போன்றவர்களும் கையெழுத்துப் போட வேண்டுமே. சுருக்கம் இதுதான்:

“பூங்காவின் இரண்டு ஊஞ்சல்களையும் சோதித்து முடியும் வரை கழற்றி வைக்கவும். கீழுள்ள கொங்கிரீட்டை உடைத்து மணல் போடவும். கேட்டை மாலை 6.30 வரை திறந்து வைக்கவும். டொய்லட்டைத் திறந்து, சாவியைக் கேட் காவலரிடம் கொடுக்கவும். இரண்டு வாங்குகள் வேண்டும். மைதானத்தை வாடகைக்கு விடும்போது வைப்புப் பணம் வாங்கவும். விளையாடுவது பிள்ளைகளின் உரிமை என்று சொல்லும் சிறுவர் உரிமை உடன்படிக்கையின் 31ஆம் உறுப்புரையை இலங்கை 1991ல் ஏற்றிருக்கிறது.”

ரிஸ்வான் நானா, 6.15
அருமை டீச்சர். ஒன்று சேர்க்கலாமா? போன வருசம் பூங்காப் பராமரிப்புக்கு எவ்வளவு ஒதுக்கினார்கள், எவ்வளவு செலவழித்தார்கள், கடைசியாக எப்போது சோதித்தார்கள் என்று கேட்க வேண்டும்.

சாந்தி டீச்சர், 6.22
அதைத் தனிக் கடிதமாகத் தகவல் அலுவலருக்குக் கொடுப்போம் நானா. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 14 வேலை நாளுக்குள் தருவதா இல்லையா என்று அவர்கள் சொல்லியாக வேண்டும். ஏன் கேட்கிறோம் என்று நாம் காரணம் சொல்லத் தேவையில்லை. ஏற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்காமல் வரக்கூடாது. அடுத்த வருசத்து வரவு செலவுத் திட்டம் போடும் நேரம் இது, இப்போது கேட்டால்தான் மணலுக்கும் வாங்குக்கும் காசு ஒதுக்குவார்கள்.

தினேஷ், 6.30
அளவு நான் எடுத்துத் தருகிறேன். ஊஞ்சல் தொங்கும் கம்பியின் உயரத்தைப் போல இரண்டு மடங்கு முன்னுக்கும் பின்னுக்கும் வெறுமையாக இருக்க வேண்டும். இப்போது பின்னால் மதில் கிட்டவே நிற்கிறது. டேப் பிடித்துப் படம் எடுத்தால் கடிதத்தோடு கோர்க்கலாம்.

செல்வம் அண்ணன், 6.33
இன்றைக்கு வலது ஊஞ்சலிலும் பிள்ளைகள் ஏறுவார்களே?

கவிதா, 6.36
பள்ளிக்கூட வேன் வருவதற்கு முன்னே நான் போய் வந்துவிட்டேன் அண்ணே. கேட் காவலரிடம் கொக்கியைக் காட்டினேன். கையில் வாங்கி விரலால் தடவிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. உள்ளே போய்க் கயிறு எடுத்து வந்து, இரண்டு ஊஞ்சலையும் மேல் கம்பியோடு சுற்றிக் கட்டிவிட்டார். தன் பேத்தியும் அதில்தான் ஆடுகிறாள் என்று சொன்னார். கடிதத்தில் அவரும் கையெழுத்துப் போடுவாராம்.

லெட்சுமி அக்கா, 6.41
(அம்மா கொழுந்து பறிக்க மலைக்குப் போய்விட்டார். நான் நிரோஷா.) எங்கள் லயத்தில் 22 குடும்பம். கடிதத்தில் ஒரு பிரதி கொடுங்கள் டீச்சர். இரவைக்கு எல்லாக் காம்பராவுக்கும் கொண்டுபோய்க் கையெழுத்து வாங்கி வருகிறேன்.

சாந்தி டீச்சர், 6.43
பள்ளிக்கூடத்தில் என்னிடம் வந்து வாங்கிக்கொள் மகள். இரண்டு பேனாவும் எடுத்துப் போ.

ரிஸ்வான் நானா, 6.45
கடை மேசையிலும் ஒரு பிரதி வைக்கிறேன். புதன்கிழமை மக்கள் நாள், பத்து மணிக்குக் கந்தோர் வாசலில் நிற்பேன். யார் யார் வருகிறீர்கள்?

முருகையா தாத்தா, 6.52
நான் வருகிறேன். செல்வம், என்னை ஏற்றிக்கொண்டு போ.

செல்வம் அண்ணன், 6.53
ஒன்பதரைக்கு வாசலில் நிற்பேன் தாத்தா.

கவிதா, 6.58
நான் அரை நாள் லீவு போடுகிறேன். கொக்கியையும் கொண்டு வருகிறேன். சின்னவள் இப்போதுதான் எழும்பினாள், ஊஞ்சலை எப்போது அவிழ்ப்பார்கள் என்று கேட்கிறாள்.