கடலையும் காட்டையும் வரைந்தால் காலண்டர் படமாகவே வருகிறது, என்ன செய்யலாம்?

கெடிலக்கரை:
எல்லோருக்கும் வணக்கம். கடலூர் மஞ்சக்குப்பம், பள்ளியில் அறிவியல் டீச்சர். வாட்டர்கலர் முறையாகப் படித்ததில்லை, யூடியூப் பார்த்து வந்ததுதான். ஞாயிறு காலை தேவனாம்பட்டினம் போய் போனில் படம் எடுப்பேன், வீட்டுக்கு வந்து அதைப் பார்த்து வரைவேன். சூரியன் கடலிலிருந்து எழும்புகிறது, முன்னால் ஃபைபர் படகு கறுப்பாக, பக்கத்தில் வலையோடு ஒருவர். ஸ்டேட்டஸில் வைத்தால் எல்லோரும் சூப்பர் என்கிறார்கள். என் தம்பி மட்டும் பார்த்துவிட்டு "இது எந்த ஊர் பீச்?" என்று கேட்டான். அவன் வளர்ந்ததே இந்த பீச்சில்தான்! பிச்சாவரம் போனாலும் அதே கதை, படகு, பச்சை, தண்ணீரில் நிழல், முடிந்தது.

இயற்கையை வரைந்தவர்கள், படமெடுத்தவர்கள் தங்கள் சொந்த வாழ்க்கையை அதற்குள் எப்படிக் கொண்டுவந்தார்கள்? "அனுபவத்திலிருந்து வரை" என்று ஆளாளுக்குச் சொல்கிறார்கள், வேலைக்குப் போய் வீட்டுக்கு வருகிற எனக்கு அப்படி என்ன பெரிய அனுபவம்? மோனே, வான்கோ வேண்டாம், அவர்களைப் பற்றி நிறையப் பார்த்துவிட்டேன். நம் பக்கத்து ஆட்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

ஊசுடு நாமக்கோழி:
மேடம், நான் வில்லியனூர், பிழைப்பு கல்யாண போட்டோ, லீவு கிடைத்தால் ஊசுட்டேரி. முதலில் மா. கிருஷ்ணனைத் தேடுங்கள் (1912–1996). எழுத்தாளர் அ. மாதவையாவின் மகன். யானையும் புலியும் எடுத்தவர் என்றுதான் பலருக்குத் தெரியும், ஆனால் காக்கா, அணில், வீட்டுப் பல்லி என்று நம்மைச் சுற்றி இருப்பதைப் பற்றியும் அதே அக்கறையோடு எழுதினார், வரையவும் வரைந்தார். கல்கத்தா பத்திரிகை ஒன்றில் 1950இல் ஆரம்பித்த பத்தியைச் சாகும்வரை நிறுத்தவில்லை. கறுப்பு வெள்ளைதான், கலரைக் காட்டி மயக்கும் வேலையே கிடையாது.

இன்றைய ஆள் என்றால் பழனிக்குமார். மதுரைக்காரர், மீன் விற்கும் தன் அம்மாவைப் படமெடுத்தவர். மலக்குழியில் இறங்கும் தொழிலாளர்கள், ராமநாதபுரம் கடலில் பாசி எடுக்கும் பெண்கள் என்று அவர் எடுத்ததெல்லாம் அந்த அம்மாவின் பக்கத்தில் நின்று பார்த்தது என்றே எனக்குத் தோன்றும். பாசிப் படங்களைக் கட்டாயம் பாருங்கள். கடல் அதில் அழகுக்காக இல்லை, அந்தப் பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு முங்கி வேலை செய்கிற இடம் அது.

இன்னொன்று, எல்லோரும் போகிற நேரத்துக்கே போனால் எல்லோருக்கும் கிடைக்கிற படம்தான் கிடைக்கும். நமக்குக் கிழக்குக் கடல். பௌர்ணமிக்கு முதல் நாள் சாயங்காலம் போய்ப் பாருங்கள், சூரியன் நம் முதுகுப் பக்கம் இறங்குவதற்குக் கொஞ்சம் முன்னாலேயே நிலா கடலுக்கு மேல் வந்துவிடும், வானத்தில் வெளிச்சம் மிச்சம் இருப்பதால் நிலாவும் தெரியும், கரையில் இருக்கிற ஆள் முகமும் தெரியும். பௌர்ணமி அன்று போனால் இருட்டிவிடும், நிலா வெறும் வெள்ளைப் பொட்டாகத்தான் விழும்.

பழைய டிராயிங் மாஸ்டர்:
ஏம்மா, நான் திருப்பாதிரிப்புலியூர், ரிட்டயர் ஆகிவிட்டேன். போட்டோ தம்பி சொன்னது சரி, ஓவியத்துக்கு நான் சொல்கிறேன். மனோகர் தேவதாஸ் என்று ஒருவர், 1936இல் பிறந்து 2022இல் காலமானார். விழித்திரை நோய், பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டே வந்து நடுவில் ஒரு துளி மட்டும் மிஞ்சும். அந்தத் துளியை வைத்துக்கொண்டு, தான் சிறுவனாகப் பார்த்த மதுரையைப் பேனா மையில் கோடு கோடாக வரைந்தார். மனைவிக்கு 1972இல் கார் விபத்து, கழுத்துக்குக் கீழே செயல் போயிற்று. இவ்வளவுக்கும் நடுவில் அந்தக் கோடுகளில் ஒரு புலம்பல் கிடையாது. கோபுரம், கிணறு, வைகை, அவற்றில் குளிக்கிற பையன்கள். அனுபவம் என்றால் சோகத்தைப் படத்தில் கொட்டுவது என்று நினைக்கிறார்களே, அவர்கள் இதைப் பார்க்க வேண்டும்.

ஓவியர் ஆதிமூலத்தையும் பார். 1969இல் காந்தி நூற்றாண்டுக்குக் கோட்டோவியங்கள் போட்டவர், பிற்பாடு வண்ணத்துக்குப் போய் நிலத்தையும் வெளியையும் வெறும் வண்ணப் பரப்பாகவே ஆக்கினார், மரம் செடி எதுவும் தனியாகத் தெரியாது. இளையராஜா (இசையமைப்பாளர் இல்லை, 2021இல் கொரோனாவில் போனாரே அந்தக் கும்பகோணத்துப் பிள்ளை) நேர் எதிர்த் திசை, கிராமத்து வீட்டுக்குள் விழுகிற வெளிச்சத்தை இம்மியும் விடாமல் தீட்டினார்.

பிச்சாவரத்தில் படகிலிருந்தே பார்க்காதே, கரையோரம் நின்று சேற்றைப் பார். வெண்கண்டல் மரத்தின் மூச்சுவேர்கள் பென்சில் பென்சிலாகச் சேற்றுக்கு மேலே குத்திட்டு நிற்கும், சுரபுன்னை கிளையிலிருந்து கால் ஊன்றி இறங்கும், இரண்டும் ஒரே பச்சை இல்லை. தில்லை மரத்து இலை உதிர்வதற்கு முன் சிவந்துவிடும். பார், தொடாதே, பால் கண்ணில் பட்டால் கொஞ்ச நாளுக்காவது பார்வை போகக்கூடும். நீ அறிவியல் டீச்சர், வேர் எதற்கு மேலே வருகிறது என்று பிள்ளைகளுக்குப் பாடம் எடுக்கிறவள், அதை விட்டுவிட்டு நிழலை வரைந்துகொண்டிருக்கிறாய்.

உப்பனாறு:
கொஞ்சம் மாற்றுக் கருத்து. பாண்டிச்சேரி வெள்ளைக்காரத் தெருக் காலரிகளுக்குப் போனால் படத்துக்குப் பக்கத்தில் ஒரு அட்டை, அதில் ஓவியர் பட்ட கஷ்டமெல்லாம் பத்தி பத்தியாக. அட்டையைப் படித்தால் கண் கலங்குகிறது, படத்தைப் பார்த்தால் ஒன்றும் ஆகவில்லை. இங்கிலாந்தில் டர்னர் 1842இல் பனிப்புயலில் நீராவிக் கப்பல் ஒன்றை வரைந்தார், அந்தப் புயலில் நானே இருந்தேன் என்று தலைப்பிலேயே எழுதிவைத்தார், பாய்மரத்தில் தன்னைக் கட்டச் சொல்லி நாலு மணிநேரம் பார்த்ததாகவும் கதை. ஆராய்ச்சியாளர்கள் பலர் அதை நம்புவதில்லை. அதனால் என்ன, அந்தப் படத்தின் முன்னால் நின்றால் நமக்குத்தான் தலை சுற்றும். அவர் கட்டப்பட்டாரோ இல்லையோ, கடலை வருடக்கணக்கில் உற்றுப் பார்த்த கண் அது. போட்டோ பார்த்து வரைவதும் பாவமில்லை, ஆனால் போன் கேமரா விடியலில் நிழலையெல்லாம் கறுப்பாக்கிவிடும், அந்தக் கறுப்பை நீங்கள் அப்படியே காப்பி அடிக்கிறீர்கள். நேரில் பார்த்தால் அந்தப் படகின் பக்கத்தில் நீலமும் ஊதாவும் இருக்கும்.

கெடிலக்கரை:
எல்லோருக்கும் நன்றி. மாஸ்டர் திட்டியது நன்றாக உறைத்தது, வேர் பாடம் போன வாரம்தான் எடுத்தேன் சார். அப்புறம் படித்துக்கொண்டே இருக்கும்போது ஒன்று நினைவுக்கு வந்தது. பண்ருட்டிப் பக்கம் எங்கள் தாத்தாவுக்கு முந்திரித் தோப்பு இருந்தது. 2011 டிசம்பர் 30, தானே புயல் அடித்த அன்று நாங்கள் அங்கேதான் இருந்தோம். காற்று நின்றபிறகு தோட்டத்துக் கதவைத் திறந்தால் எங்கள் வீட்டிலிருந்து ஒருநாளும் தெரியாத அடுத்த ஊர் தண்ணீர்த் தொட்டி தெரிந்தது. நடுவில் ஒரு மரம் நிற்கவில்லை. பலாவெல்லாம் வேரோடு ஒரே பக்கமாகச் சாய்ந்து கிடந்தது, தாத்தா அந்தத் தொட்டியையே பார்த்துக்கொண்டு நின்றார். கரண்ட் இல்லை, போனில் சார்ஜ் இல்லை, ஒரு படம்கூடக் கிடையாது. போட்டோ இல்லாமல் இதை வரைய முடியுமா?

பழைய டிராயிங் மாஸ்டர்:
போட்டோ இல்லாததே நல்லது. முதலில் சின்னச் சின்னதாகப் பென்சிலில் போட்டுப் பார், கதவு எங்கே, தொட்டி எங்கே, தாத்தா எவ்வளவு உயரம். தாத்தா முகம் வேண்டாம், முதுகு போதும். வேர்மண் எப்படிப் பெயர்ந்து நிற்கும் என்பது மறந்திருந்தால் விழுந்து கிடக்கிற மரம் எதையாவது போய்ப் பார்.

உப்பனாறு:
கீழே "தானே" என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.

கெடிலக்கரை:
எழுத மாட்டேன் :) மண் கலர் மட்டும் சொல்லுங்கள் சார், நான் கலந்தால் செங்கல் கலர் வருகிறது.

பழைய டிராயிங் மாஸ்டர்:
பர்ன்ட் சியன்னா என்கிற செம்பழுப்பைத் தனியாகப் போட்டால் அப்படித்தான் வரும். அன்று ராத்திரி முழுக்க மழை, மண் நனைந்து கறுத்திருக்கும், அதனால் துளி அல்ட்ராமரீன் நீலம் சேர். பெயர்ந்த வேர்மண் உள்ளேயிருந்து வந்தது, அது கொஞ்சம் வெளுப்பாக இருக்கலாம், அங்கே எல்லோ ஓக்கர். பேப்பர் 300 ஜிஎஸ்எம் வாங்கு, மெல்லியது நம் ஊர் ஈரத்துக்குச் சுருண்டுவிடும். மழைக்காலத்தில் வரைகிறாய் என்றால் ஒரு வாஷ் (தண்ணீர் கலந்த மெல்லிய பூச்சு) முழுக்கக் காயாமல் அடுத்ததைப் போடாதே, ஹேர் டிரையர் இருந்தால் எடுத்துக்கொள்.