வாரம் ஒருமுறை ஓட்டியும் விமான இன்ஜினுக்குள் துரு ஏறுமா?

கேள்வி: பம்புசெட் மெக்கானிக், பாபநாசம்

வணக்கம். 30 வருடமாக பம்புசெட் இன்ஜின் பழுதுபார்க்கிறேன். டீசல் இன்ஜின் என்றால் சத்தத்தை வைத்தே கோளாறு சொல்லிவிடுவேன். விமானம் தெரியாது.

மகள் வெளியூரில் விமானம் ஓட்டப் பயிற்சி எடுக்கிறாள். செஸ்னா 172 என்கிற சின்ன விமானம். ஐப்பசி, கார்த்திகை முழுக்க அடைமழை; விமானம் கொட்டகையிலேயே நின்றது. மார்கழியில் வெளியே எடுத்து, மூன்றாவது நாள் மேலே போனபோது இன்ஜின் உதறி இழுவை குறைந்துவிட்டது. பயிற்சியாளர் பத்திரமாக இறக்கிவிட்டார். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

ஆயில் ஃபில்டரை வெட்டிப் பிரித்த படம் அனுப்பினாள். காகித மடிப்புக்குள்ளெல்லாம் மினுமினுவென்று சீவல். காந்தத்தில் ஒட்டுகிறதாம். வால்வைத் திறந்துவிடும் கேம் ஷாஃப்ட் தேய்ந்துவிட்டது, துருதான் காரணம் என்கிறார்கள். வாரம் தவறாமல் 10 நிமிடம் ஸ்டார்ட் செய்து வைத்தார்களே, அப்புறம் எப்படித் துரு ஏறும்?

பதில்: ஓய்வுபெற்ற விமான மெக்கானிக், தஞ்சாவூர்

அண்ணே, அந்த 10 நிமிடம்தான் வினை. பெட்ரோல் எரிந்தால் நீராவி வரும். அது பிஸ்டன் ரிங்கைத் தாண்டி, கிராங்க் சுற்றும் பெட்டியான கிராங்க் கேஸில் இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அந்த ஈரம் ஆவியாகி வெளியேறும். தரையில் ஓட்டினால் சிலிண்டர் சுடும், ஆயில் சுடாது. ஈரத்தை உள்ளே விட்டு மூடியதுதான் மிச்சம். 30 நாளைக்கு ஒருமுறையாவது, ஆயில் 74 முதல் 93 டிகிரி செல்சியஸில் இருக்க, ஒரு மணி நேரம் பறக்க வேண்டும் என்று அந்த இன்ஜினைத் தயாரிக்கும் லைகமிங் கம்பெனி சொல்கிறது.

அந்த இன்ஜினில் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. நிறுத்திப்போட்டால் ஆயில் எல்லாம் கீழே வடிந்து, முதலில் காய்வது அதுதான். கேமிலும் அது தள்ளுகிற டேப்பட்டிலும் ஊசிமுனை அளவுக்குத் துருக்குழி விழும். பிறகு ஓட்டும்போது அந்த இடம் பொரிந்து சீவலாக உதிரும். கேம் மேடு தேய்ந்தால் வால்வு முழுசாகத் திறக்காது, இழுவை போய்விடும். புரொப்பல்லரைக் கையால் சுற்றி வைப்பதும் தவறு. ஒட்டியிருக்கிற ஆயிலும் வழிந்துபோகும், திடீரென்று இன்ஜின் பிடித்துக்கொண்டால் ஆளையே அடிக்கும்.

மாதக்கணக்கில் நிறுத்துவதானால், துருவைத் தடுக்கும் பாதுகாப்பு ஆயிலில் ஓட்டி, ஸ்பார்க் பிளக் இடத்தில் ஈரம் உறிஞ்சும் சிலிகா ஜெல் அடைப்பான் போட்டு, எக்ஸாஸ்ட்டை மூட வேண்டும். நீல ஜெல் இளஞ்சிவப்பாக மாறினால் ஈரம் ஏறிவிட்டது, உடனே மாற்ற வேண்டும்.

பதில்: விவசாயி, வேதாரண்யம்

உப்புக்காற்றில் எங்கள் பவர் டில்லருக்கும் இதே கதிதான். போதாக்குறைக்கு எக்ஸாஸ்ட் குழாயில் குளவி மண்கூடு கட்டிவிடுகிறது.

பதில்: ஓய்வுபெற்ற விமான மெக்கானிக், தஞ்சாவூர்

நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள் தம்பி. செஸ்னாவில் இடது இறக்கைக்கு அடியில் டாங்குக்குக் காற்றுப் போகும் குழாய் உண்டு. குளவி அதை அடைத்தால் பெட்ரோல் இறங்காமல் இன்ஜின் நின்றுபோகலாம். அரைகுறையாக நிரப்பிய டாங்கில் தண்ணீரும் கோர்க்கும். மகளை ஒவ்வொரு முறையும் டாங்கின் அடியிலிருந்து கொஞ்சம் பெட்ரோல் பிடித்து, வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கச் சொல்லுங்கள் அண்ணே.

பதில்: பம்புசெட் மெக்கானிக், பாபநாசம்

ரொம்ப நன்றி ஐயா. இப்போதுதான் மகளிடம் பேசினேன். லாக் புக்கில் எத்தனை மணி நேரம் ஓடியது என்று மட்டும்தான் பார்ப்பாளாம். கடைசியாக எந்தத் தேதியில் பறந்தது என்பதையும் பார்க்கச் சொல்லியிருக்கிறேன்.

நானே வருகிறவர்களிடமெல்லாம் "வாரம் ஒருதரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி வைங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். நாளையிலிருந்து, தண்ணீர் இறைத்து இன்ஜின் நன்றாகச் சூடேறும்வரை ஓட்டச் சொல்லப்போகிறேன்.