இங்கிலாந்துக்குப் புதுசா வந்திருக்கும் கடலூர், பாண்டி ஆட்களுக்கு: வீட்டில் ஃபோனிக்ஸ் சொல்லிக்கொடுப்பது எப்படி?

குழந்தை ரிசெப்ஷன் வகுப்பில் (இயர் ஒன்னுக்கு முந்தைய, பள்ளியின் தொடக்க வகுப்பு) சேர்ந்த கொஞ்ச நாளிலேயே, பையில் ஒரு குட்டிப் புத்தகமும் ஒலிகள் அச்சடித்த தாளும் வர ஆரம்பிக்கும். அதைப் பார்த்ததும் நம்ம ஆட்கள் செய்வது, ஊரில் எல்.கே.ஜி.யில் நடக்கிற மாதிரி ஏ, பி, சி, டி-யை ஒப்பிக்க வைப்பதுதான். கொஞ்சம் பொறுங்க. சி, ஏ, டி என்று எழுத்தின் பெயர்களைச் சேர்த்தால் 'சியேட்டி' என்று வருமே தவிர பூனை வராது. இங்கே முதலில் சொல்லித் தருவது எழுத்தின் ஒலியை (ஒலிகளைச் சேர்த்து வார்த்தையைப் படிக்கிற இந்த முறைதான் ஃபோனிக்ஸ்), அதுவும் அகரவரிசையில் இல்லை. பெரும்பாலும் எஸ், ஏ, டி (டீக்கடை டி), பி (பாண்டி பி), ஐ, என் என்று தொடங்குவார்கள், ஏனென்றால் இந்த ஆறை வைத்தே பின், டேப், ஸிட் என்று ஏகப்பட்ட சின்ன வார்த்தைகளைப் படித்துவிடலாம்.

க் கூட அ சேர்ந்தால் க என்று படித்து வளர்ந்த நமக்கு, ஒலிகளைக் கூட்டிப் படிப்பதைத் தனியாக யாரும் விளக்க வேண்டியதில்லை. தொல்லை வேறு இடத்தில். மெய்யெழுத்தை 'இம்', 'இப்' என்று சொல்லிப் பழகியிருக்கிறோம், வார்த்தையின் கடைசியில் கப்பு, பெட்டு என்று ஒரு உகரத்தையும் ஒட்டிவிடுகிறோம். எம் எழுத்துக்கு உதட்டை மூடி 'ம்ம்ம்' மட்டும் போதும், 'இம்'மும் வேண்டாம், 'மு'வும் வேண்டாம். அப்புறம் 'பாண்டி பஸ்' என்று சொல்லிப் பாருங்க. இரண்டுக்கும் நாம் எழுதுவது ஒரே ப, ஆனால் முதல் ஒலியில் தொண்டை சும்மா இருக்கும், இரண்டாவதில் அதிரும். குழந்தையின் கையை உங்கள் தொண்டையில் வைத்துக் காட்டினால் சட்டென்று பிடித்துக்கொள்ளும்.

தினம் பத்து நிமிஷத்துக்கு மேல் இழுக்காதீங்க. படத்தைப் பார்த்து ஊகித்துச் சொன்னால் படத்தைக் கையால் மறைத்துவிட்டு, எழுத்தின் மேல் விரல் வைத்து ஒலியைக் கேளுங்க. எந்த முறையில் சொல்லித் தருகிறார்கள் என்று டீச்சரிடமே கேட்டு அதையே வீட்டிலும் பின்பற்றுங்க, யூடியூபில் இன்னொன்றைத் தேடிக் கலக்க வேண்டாம்.

மஞ்சக்குப்பத்திலிருந்து வீடியோ காலில் வரும் ஆயா 'ஏ ஃபார் ஆப்பிள் சொல்லுடா கண்ணு' என்பார்கள், தடுக்க முடியாது. அவர்களுக்கு வேறு வேலை கொடுங்க: 'ம்ம்-ல ஆரம்பிக்கிற சாமான் சொல்லு' என்று மீன், முறுக்கு, மாங்காய் விளையாடட்டும். ஒலியைப் பிரித்துக் கேட்கக் காது பழகத் தமிழே போதும்.

இயர் ஒன் முடிவில், ஜூன் மாதத்தில், 40 வார்த்தைகளைப் படிக்கச் சொல்லி ஒரு சோதனை வைப்பார்கள். அதில் பாதி பொருளே இல்லாத வார்த்தைகள், 'ஏலியன் வார்த்தை' என்பார்கள். நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்கூட அதைத் தெரிந்த வார்த்தையாக மாற்றிப் படித்துவிடுவதுண்டு, அதனால் நீங்களே நாலு கிறுக்கு வார்த்தை எழுதிக் காட்டுங்க, சிரித்துக்கொண்டே படிக்கும். தேறாவிட்டால் இயர் டூவில் மறுபடி வைப்பார்கள், இதற்குப் போய் ட்யூஷன் தேடாதீங்க.