ஓவல் பீட்டில், மைனர், ஏ40: விலை ஏறின பிறகு கொழும்பில் கண்ட பழைய கார்கள் (மன்றத்துப் பதிவுகள், ஒவ்வொன்றின் மேலும் எழுதினவரின் புனைபெயர்)

பின்கண்ணாடி

தெகிவளையில விலைக்கு வந்த ஓவல் பீட்டில் (பின்சன்னல் முட்டை வடிவான பழைய வொல்க்ஸ்வாகன்) ஒண்டு இன்னும் மனசை அரிக்குது. சி.ஆரில, அதாவது பதிவுப் புத்தகத்தில, 1956. வலக்கை ஸ்டியரிங் ஓவலுக்கு அவுஸ்திரேலியாவில என்ன கிராக்கி எண்டு உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. அங்க ஒருத்தர் காசோட ஆயத்தம். முற்பணம் போக முதல் செசி நம்பரைப் பார்க்கவேணும், அவ்வளவுதான் வேலை.

பெயின்ற் புதுசு, குரோம் புதுசு. பின் சீற்றைத் தூக்கினால் நடு டனலின்ர (தரைத் தகட்டு நடுவில ஓடுற மேடு) முதுகில நம்பர் இருக்கவேணும். இருந்தது, ஆனால் தடிச்ச கறுப்பு அண்டர்சீலுக்கு (அடியில பூசிற கறள் தடுப்பு) கீழ. சீற்றுக்கு அடியில, மழையே படாத இடத்தில அண்டர்சீல் எதுக்கு? துணியைத் தின்னரில நனைச்சு மேல போட்டு, ஊறவிட்டு வழிச்சால், நம்பர் தெரிய முதல் அதைச் சுற்றி ஒரு கோடு தெரிஞ்சுது. நாலு பக்கமும் நேர்க்கோடு, மூலையளில கிரைண்டர் தேய்ச்ச அடையாளம். இன்னொரு காரின்ர நம்பரைத் தகட்டோட வெட்டிக்கொண்டு வந்து பதிச்சிருக்கினம். விக்க வந்தவர் குனிஞ்சு பார்த்திட்டு, "பழைய காரில வெல்டிங் இல்லாமல் இருக்குமே தம்பி?" எண்டார்.

நம்பர் என்னவோ ஒழுங்கான 1956 நம்பர்தான். ஏழு இலக்கம், வெறும் தொடர் எண். 11 எண்டு தொடங்கிற ஒன்பது இலக்க நம்பர் 1964 ஆகஸ்டுக்குப் பிறகுதான் வந்தது, அதில மூண்டாவது இலக்கம் மொடல் வருஷம் (115 எண்டால் 1965). ஆனால் கீழ பார்த்தால் முன் அச்சு பால் ஜொயின்ற். ஓவலுக்கு லிங்க் பின் அல்லோ வரவேணும்? பால் ஜொயின்ற் 1965 ஆகஸ்டில வந்த சாமான். அக்சிலரேற்றர் மிதி தட்டை, ஓவலுக்கு உருளை. கூரைத் துணியைப் பின்கண்ணாடியடியில கொஞ்சம் இழுத்துப் பார்த்தால் தகட்டில ஒட்டு, பிந்தின காருக்கு ஓவல் சன்னலை வெட்டிப் பதிச்ச மாதிரி.

கிறீஸ் கன்

அண்ணை, முன் அச்சை வச்சு முடிவெடுக்கேலாது. லிங்க் பின் சாமான் பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடையளில கிடைக்காத காலத்தில எத்தனையோ பழைய பீட்டிலுக்குப் பால் ஜொயின்ற் அச்சு ஏத்தினவை. மிதியும் அப்பிடித்தான், உடைஞ்சால் கிடைக்கிறதைப் பூட்டுறதுதான். கறள் தின்ற தரைத் தகட்டை ('பான்') மாத்தேக்க பழைய நம்பரை வெட்டி வைக்கிறதும் கராச்சுகளில நடந்திருக்கு. எல்லாத்தையும் களவு எண்டு சொல்லிப்போட்டால் கொழும்பில ஒரு பீட்டிலும் மிஞ்சாது.

பின்கண்ணாடி

தம்பி, அப்ப ஹாண்ட்பிறேக்கைப் பாரும். அதின்ர ரெண்டு பக்கமும் ரெண்டு ஹீற்றர் லீவர். அது 1965 மொடலில வந்தது, முந்தி டனலில திருகிற குமிழ். லீவர் வாற வெட்டு தொழிற்சாலையில குத்தின வெட்டு, கையால வெட்டினது இல்லை. அச்சு மாறலாம், மிதி மாறலாம், டனல் மாறாது. பான் பிந்தினது.

களவோ இல்லையோ, அந்தக் கேள்வியை விடும். வொல்ஃப்ஸ்பேர்க்கில பீட்டிலுக்குப் பிறப்புச் சான்றிதழ் குடுக்கினம், செசி நம்பரைக் குடுத்தால் எந்த நாள் செய்தது, எந்த நிறம், எந்த நாட்டுக்குப் போனது எண்டு வரும். இந்த நம்பருக்கும் வரும். ஆனால் அது வெட்டிப் பதிச்ச அந்த உள்ளங்கையளவு தகட்டுக்கு வாற சான்றிதழ். வெளிநாட்டுக்காரன் ஓவல் விலை குடுக்கிறது முழுக் காருக்கு.

மைனர்1098

பீட்டில் சண்டை நடக்கட்டும். வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்க ஒழுங்கையிலிருந்து காலி வீதிக்கு ஏறிய ஒரு மொறிஸ் மைனர் 1000, ஸ்டியரிங்கை முழுக்க ஒடித்த இடத்தில் முன்சில்லு மடிந்து மட்கார்டுக்குள் போய்விட்டது. வேகம் என்று ஒன்றுமே இல்லை. பின்னால் 100ஆம் இலக்க பஸ் ஹோர்ன் அடிக்க, கார் ஒரு பக்கம் குந்திக்கொண்டு நின்றது.

"முழு ரெஸ்டோரேஷன்" என்று சொல்லி நல்ல விலைக்குக் கைமாறிய கார் அது. பொடிக்கும் சீற்றுக்கும் அள்ளிச் செலவழித்தவர்கள் முன்சில்லுத் திரும்பும் கீழ் மூட்டான ட்ரனியனைக் கழற்றியே பார்க்கவில்லை. கிறீஸ் நிப்பிளுக்கு மேலேயே சேர்த்து பெயின்ற் அடித்திருந்தார்கள்! கழன்று வந்த பின்னில் மரை இருந்த இடம் வழுவழுவென்று இருந்தது, உள்ளே கிறீஸுக்குப் பதில் கறுப்புத் தூள்.

மைனரில் முன்பக்கப் பாரம் முழுக்க மரைக்குள் திரும்பும் அந்தப் பின்னில்தான் தொங்குகிறது. மரை தேய்ந்தால் பின் கழன்றுவிடும், வேறு எதுவும் தாங்காது. மேலும் கீழும், இரண்டு பக்கமும் நிப்பிள் உண்டு. சில்லுத் தரையில் இருக்க கிறீஸ் அடித்தால் பாரம் ஏறிய பக்கத்துக்குள் கிறீஸ் போகாது. ஜாக்கியில் தூக்கி, பழைய கிறீஸ் இரண்டு ஓரத்தாலும் வெளியே வந்து புதுசு தெரியும்வரை அடிக்க வேண்டும். கையேட்டு இடைவெளி எதுவானாலும், மழையில் ஓடும் கொழும்புக் காருக்கு 1,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடிப்பது நல்லது.

வாங்கமுதல் பார்ப்பதென்றால்: தூக்கிய சில்லை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் ஒருவரை பிறேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் ட்ரனியன். இடமும் வலமும் எதிர் எதிர் மரை, ஒன்றை மற்றப் பக்கம் போட முடியாது. அதனால் 'ஒரு சோடி கிடைத்தது' என்று யாராவது தந்தால் மரையைப் பார்த்து வாங்குங்கள்.

ஏலக்கணக்கு

எல்லாரும் 'உலகச் சந்தை ஏறுது' என்று சொல்லித்தான் விலை கேட்கிறார்கள். எது ஏறியது? 2022 மே மாதம் ஸ்டுட்கார்ட்டில் 1955ஆம் ஆண்டு மெர்சிடிஸ் 300 எஸ்எல்ஆர் உலன்ஹவுட் கூபே 13.5 கோடி யூரோவுக்குப் போனது. அந்த வகையில் செய்ததே இரண்டு. பெராரி 250 ஜிடிஓ 36 கார்கள், அதில் ஒன்று 2018இல் மொன்டரேயில் 4.84 கோடி டொலர். மைனர் ஏறத்தாழ 16 இலட்சம் செய்தார்கள், பீட்டில் 2.15 கோடி. அந்த ஏல விலைக்கும் உங்கள் போர்ட்டிகோவில் நிற்கிற காருக்கும் ஒரு தொடுப்பும் இல்லை.

கொழும்பில் விலை ஏற்றியது வேறு இரண்டு சங்கதி. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்றது, தனியார் காருக்கு 2025 பெப்ரவரியில்தான் கதவு திறந்தது. நடுவில் 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை போனது. விற்ஸ், அல்ற்றோ போன்ற சாதாரண சின்னக் கார்களே ஏறும்போது மைனர் மட்டும் சும்மா இருக்குமா? ரூபாய்க் கணக்கில் இரட்டித்த கார் அந்த 360 கணக்கில் டொலரில் ஏறத்தாழ அப்படியேதான் நிற்கும். உண்மையில் வெளிச்சந்தை இழுத்த கார்களும் உண்டு. நிசான் ஸ்கைலைன் ஜிடி-ஆர் ஆர்32 அமெரிக்காவின் 25 வருஷ விதியை (25 வயதான காரைப் பாதுகாப்புத் தரம் பார்க்காமல் இறக்கலாம்) தாண்டியது 2014இல், அதன்பிறகுதான் ஜப்பானிலேயே விலை பறந்தது. எந்த நாட்டுச் சட்டம் எந்த வருஷம் கதவைத் திறக்கிறது என்று பார்ப்பவன்தான் சம்பாதிக்கிறான். 1989இல் வாங்கிக் குவித்து 1990இல் விலை விழக் கை சுட்டவர்கள் கதையும் இதே சந்தையில்தான்.

என் பங்குக்கு ஒன்று. ஒருகொடவத்தைப் பக்கம் கொள்கலனுக்குள் ஏற்றி, நாலு சில்லுக்கும் பெல்ட் இழுத்துக் கட்டிய ஒஸ்டின் செவன் திரும்ப இறங்கியது. இங்கிலாந்துக்குப் போகவேண்டிய கார். அங்கே 30 வருஷம் தாண்டிய, மாற்றம் செய்யாத சேகரிப்புக் காருக்குச் சுங்கவரி இல்லை, வற் வரி 5 வீதம், அந்தக் கணக்கெல்லாம் சரியாகப் போட்டிருந்தார்கள். இங்கே 1945 ஜனவரி 1க்கு முன் இலங்கையில் முதற்பதிவான பயணிகள் காரை ஏற்றுமதி செய்ய இறக்குமதி ஏற்றுமதிக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்தின் அனுமதிப்பத்திரம் வேண்டும் என்பதை யாரும் பார்க்கவில்லை. கவனியுங்கள், பார்ப்பது கார் செய்த வருஷத்தை அல்ல, இங்கே முதற்பதிவான நாளை.

வால்வு சத்தம்

ஏலக்கணக்கு சொன்னதோட பாதிதான் உடன்பாடு. விலை எதால ஏறினாலும் ஏறினதுதானே, வித்தவனுக்குக் காசு காசுதான்.

கொட்டாஞ்சேனையில பார்த்த 1098 மைனர், சூடு ஏறினால் ஸ்ராட் எடுக்காது. ரெண்டு கராச்சில கொயில் மாத்தி, காபரேட்டர் மாத்தி, சரிவரேல்லை. வால்வு இடைவெளி 12 தௌ (அங்குலத்தில ஆயிரத்தில 12 பங்கு) இருக்கவேண்டிய இடத்தில எக்சோஸ்ற் நாலில ரெண்டுக்கு அளக்கிற ஃபீலர் தகடே நுழையேல்லை. அவ்வளவுதான் என்ர கதை.

ஆனால் இதை வாசிக்கிற ஆக்கள் கட்டாயம் தெரிஞ்சு வச்சிருக்கோணும். இலங்கையில ஈயப் பெற்றோல் 2002இல நிண்டது. பழைய ஹெட்டில வால்வு குந்திற இருக்கை வெறும் வார்ப்பிரும்பு, ஈயம்தான் அதைக் காப்பாத்தினது. ஈயம் இல்லாமல் ஓடினால் எக்சோஸ்ற் வால்வு இருக்கையை அரிச்சுக்கொண்டு ஹெட்டுக்குள்ள இறங்கும். இறங்க இறங்க இடைவெளி குறையும். சத்தமும் குறையும், அதாலதான் "எஞ்சின் நல்ல அமைதி" எண்டு ஏமாறுறது! கடைசியில வால்வு மூடாது, கொம்பிரெஷன் போகும், வால்வு எரியும். இடைவெளியைக் குளிர்ந்த எஞ்சினில அளந்து எழுதி வையுங்கோ. ஒருக்காச் சரி பண்ணி, கொஞ்சம் ஓடினாப் பிறகு திரும்பக் குறைஞ்சிருந்தால், ஹெட்டைக் கழற்றிக் கடைச்சல் பட்டறையில எக்சோஸ்ற் நாலுக்கும் கடினமான இருக்கை வளையம் போடோணும். வளையம் ஹெட்டுக்குள்ள இறுக்கமாய் ஏறவேணும். தளர்வாய் ஏத்தி ஒட்டினால் சூட்டில கழன்று பிஸ்ரனை உடைக்கும்.

அதோட கடற்கரைப் பக்கம் நிப்பாட்டிறவை பிளாஸ்ரிக் தறப்பாள் போடாதையுங்கோ, உள்ளுக்க வியர்த்து மூண்டு மாதத்தில கறள். கதவடித் துளையளைக் கம்பி விட்டுத் துப்பரவாக்குங்கோ. பிறேக் எண்ணெய் டொட் 4 ஈரத்தைக் குடிக்கும், ரெண்டு வருஷத்துக்கு ஒருக்கா மாத்தோணும். சிலிக்கோன் டொட் 5ஐ அதோட கலக்கவே கூடாது. பெயின்ற் தடிப்பு அளக்கிற மீற்றர் ஒண்டு வாங்குங்கோ. தொழிற்சாலைப் பூச்சு 100, 150 மைக்ரோன், திரும்ப அடிச்சது 300 வரை, 1,000ஐத் தாண்டினால் கீழ இருக்கிறது தகடு இல்லை, 'பற்றி' (பள்ளம் நிரப்பிற பசை).

கிறீஸ் கன்

அண்ணை, இதெல்லாம் ஆர் கேட்டது?

ஏ போட்டி

கேட்காட்டிலும் நல்லது, சொல்லட்டும்.

யாழ்ப்பாணத்தில் வாடகைக்கு ஓடி, பிறகு கொழும்புக்கு வந்த ஒஸ்டின் ஏ40 சோமசெற். யுத்தத்தின் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் ஓடின கார். டிப்ஸ்ரிக்கை இழுத்தவுடனே மூக்கில் அடித்தது மண்ணெண்ணெய் வாசம், இத்தனை வருஷத்துக்குப் பிறகு! எண்ணெய் மட்டம் 'மேல்' கோட்டுக்கும் ஒரு விரல் மேலே. விற்கிறவர் "எண்ணெய் குடிக்கவே குடிக்காது" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டு நிற்கிறார். குடிக்காதுதான். இப்போதும் யாரோ செலவு பார்த்து மண்ணெண்ணெய் கலந்து ஓடுகிறார்கள். முழுக்க ஆவியாகாத மண்ணெண்ணெய் சிலிண்டர்ச் சுவரைக் கழுவிக்கொண்டு கீழே இறங்கி எண்ணெயை நீர்க்க வைக்கிறது.

கொம்பிரெஷன் பார்க்கும்போது பிளக் நாலையும் கழற்றி, திரொட்டில் முழுக்கத் திறந்து சுற்ற வேண்டும். பிறகு ஒவ்வொரு துளைக்கும் ஒரு தேக்கரண்டி எண்ணெய் விட்டுத் திரும்பவும். இந்தக் காரில் எண்ணெய் விட்டதும் நாலிலும் ஊசி ஏறியது, அப்போ தேய்ந்தது ரிங்கும் சிலிண்டரும். ஏறாமல் நின்றால் வால்வு என்று வைத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. காபரேட்டருக்குப் பக்கத்தில் ஒரு குட்டிப் பித்தளைத் திருகும் தனிக் குழாயும் இருந்தது. பெற்றோலில் ஸ்ராட் பண்ணி, சூடேறினதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவதற்கு யாரோ ஊர் பாஸ் (மெக்கானிக்) பூட்டியது. வாங்கிறவர் 'ஒரிஜினல் இல்லை, கழற்றி எறி' என்கிறார். என்னைக் கேட்டால் அந்தக் காரில் ஒஸ்டினின் லோங்பிரிட்ஜ் தொழிற்சாலை செய்யாத ஒரே நல்ல சாமான் அதுதான். எஞ்சினைத் திருத்துங்கள், திருகை விடுங்கள்.

பின்கண்ணாடி

ஏ போட்டி, நம்பர் தகடு என்ன? ஆங்கில எழுத்தோ, ஸ்ரீயோ?

ஏ போட்டி

ஸ்ரீ. 1957, 58இல் தமிழர்கள் எதிர்த்துத் தார் பூசின அதே சிங்கள ஸ்ரீ எழுத்து. சோமசெற் 1954இல் நின்றுபோன மொடல், ஆகவே இங்கே பிந்திப் பதிந்திருக்கிறது. சி.ஆரில் செய்த வருஷத்துக்கும் முதற்பதிவுக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கிறது, இரண்டையும் படம் எடுத்து வைத்திருக்கிறேன். எஞ்சின் நம்பரும் ஒத்து வருகிறது. ஒத்து வராதது உரிமையாளர் பெயர். புத்தகத்தில் இருக்கிறவர் காலமாகிவிட்டார், கையில் இருப்பது அவர் கையெழுத்திட்ட திகதி போடாத எம்.டி.ஏ. 6, பெயர் மாற்றப் படிவம். பெயர் மாற்றாமலே கைமாறும் 'ஓப்பன் பேப்பர்'. பிள்ளைகள் கனடாவில். அவர்கள் வழியாகப் பெயர் மாறும்வரை எஞ்சினில் கை வைக்க வேண்டாம் என்று வாங்கிறவரிடம் சொல்லியிருக்கிறேன். எண்ணெயை மட்டும் மாற்றச் சொன்னேன்.