நகயாமா லெம்மா: முழு எண்களில் ஏன் உடைகிறது?

சாட்ஸ்வர்த் மாணவி:
வணக்கம். டர்பனில் கணித ஹானர்ஸ் படிக்கிறேன். ஜூன் தேர்வுக்குள் தீர வேண்டிய சந்தேகம் இது. நகயாமா லெம்மா என்று என் குறிப்பில் இருப்பது: "எம் முடிவுள்ள ஜெனரேட்டர்கள் கொண்ட மாட்யூல், ஐ ஓர் ஐடியல். ஐ·எம் = எம் என்றால் எம் = 0." (ரிங் என்பது கூட்டவும் கழிக்கவும் பெருக்கவும் முடிகிற அமைப்பு; ஐடியல், கூட்டினாலும் ரிங்கின் எந்த உறுப்பால் பெருக்கினாலும் தனக்குள்ளேயே நிற்கும் அதன் பகுதி; மாட்யூல், ரிங்கின் உறுப்புகளால் பெருக்கக்கூடிய கூட்டல் அமைப்பு; ஜெனரேட்டர்கள், அதன் மற்ற எல்லா உறுப்பையும் பிறப்பிப்பவை.) ஆனால் முழு எண்களின் ரிங்கில் 2 பிறப்பிக்கும் ஐடியலையும் மாடுலோ 3 எச்சங்களையும் எடுத்தால், 2ஆல் பெருக்கியும் அதே மாட்யூல்தான் வருகிறது. அது 0 இல்லையே? இன்னொன்று, சிலர் இதைக் க்ருல்–அஸுமாயா தேற்றம் என்கிறார்கள். எந்தப் பெயரை எழுதுவது?

ஃபீனிக்ஸ் வாசகர்:
தங்கச்சி, எடுத்துக்காட்டு சரிதான், குறிப்பில்தான் ஒரு நிபந்தனை விட்டுப்போயிருக்கிறது. ஐ, ஜேக்கப்சன் ராடிக்கலுக்குள் (எல்லா மேக்சிமல் ஐடியல்களின், அதாவது முழு ரிங்கைவிடச் சிறியவற்றுள் இனி பெரிதாக்க முடியாத ஐடியல்களின், வெட்டு) இருக்க வேண்டும். முழு எண்களில் அந்த வெட்டு வெறும் 0.

நிரூபணத்தைக் கையால் ஒருமுறை போட்டுப் பாருங்கள். ஐ·எம் = எம் என்பதால் ஒவ்வொரு ஜெனரேட்டரையும் ஜெனரேட்டர்களின் கூட்டாகவே எழுதலாம், கெழுக்கள் ஐ-யிலிருந்து. அலகு அணியிலிருந்து அந்தக் கெழுக்களின் அணியைக் கழித்தால், கிடைக்கும் அணி ஜெனரேட்டர்களின் நிரலை 0 ஆக்கும். இடப்பக்கம் சேர்ப்பு அணியால் பெருக்கினால், அணிக்கோவையே எல்லா ஜெனரேட்டர்களையும் 0 ஆக்குகிறது. விரித்தால் அது 1 + (ஐ-யின் ஓர் உறுப்பு).

இதுவரை ராடிக்கல் தேவைப்படவில்லை! உங்கள் கணக்கில் ஜெனரேட்டர் 1தான், மாடுலோ 3இல் 1 = (−2)·1. அணிக்கோவை 1 − (−2) = 3. மூன்று எல்லா எச்சத்தையும் 0 ஆக்குகிறது, ஆனால் முழு எண்களில் அதற்குத் தலைகீழி இல்லை. ஐ ராடிக்கலுக்குள் இருந்தால் 1 + உறுப்பு எப்போதும் யூனிட் (தலைகீழி உள்ள உறுப்பு). அப்போதுதான் எம் = 0.

ரோஸ் ஹில் அல்ஜீப்ரா:
மொரிஷியஸிலிருந்து வணக்கம். தேர்வில் அதிகம் சறுக்குவது இன்னும் இரண்டு இடங்களில்.

முதலாவது, முடிவுள்ள ஜெனரேட்டர்கள் என்பதை மறப்பது. பகுதியை 5 வகுக்காத பின்னங்களின் ரிங்கை எடுங்கள், அது லோக்கல் ரிங் (ஒரே ஒரு மேக்சிமல் ஐடியல் உள்ள ரிங்). எல்லா விகிதமுறு எண்களையும் அதன்மேல் மாட்யூலாக வைத்தால், 5ஆல் பெருக்கினாலும் எதுவும் குறையாது, ஆனாலும் அது 0 இல்லை. ஜெனரேட்டர்கள் முடிவிலி, அணிக்கோவை எடுக்க வழியே இல்லை.

இரண்டாவது, லோக்கல் ரிங்கில் மேக்சிமல் ஐடியலால் வகுத்த பின் மாட்யூல்களுக்கிடையேயான ஒரு மேப் முழுக்கோப்பாக (இலக்கின் எல்லா உறுப்பையும் எட்டுவதாக) இருந்தால் மூலமும் முழுக்கோப்பு (இலக்கு முடிவுள்ள ஜெனரேட்டர்கள் கொண்டதாக இருக்கும்வரை). ஒன்றுக்கொன்று என்பதற்கு இது செல்லாது. ரிங்கிலிருந்து அதன் ரெசிடியூ ஃபீல்டுக்கு (ரிங்கை மேக்சிமல் ஐடியலால் வகுத்தது) போகும் மேப், வகுத்த பின் ஐசோமார்ஃபிசம் (ஒன்றுக்கொன்றும் முழுக்கோப்பும்). மூலத்திலோ கெர்னலாக (0க்குப் போகும் உறுப்புகளாக) மேக்சிமல் ஐடியல் முழுதும் இருக்கிறது.

சாட்ஸ்வர்த் மாணவி:
நன்றி, இரண்டும் புரிந்தது. பெயர் விஷயம்?

ஃபீனிக்ஸ் வாசகர்:
தேர்வில் "நகயாமா லெம்மா" போதும். ஆனால் க்ருல்–அஸுமாயா என்றே சொல்ல வேண்டும் என்று வலியுறுத்தியவர் தடாஷி நகயாமாவேதான். நகயாமா, அஸுமாயா, க்ருல் மூவரில் யார் முதல் என்று பிரிப்பது கடினம் என்பதால் கணிதவியலாளர் மட்சுமுரா தம் பாடநூலில் மூவரின் முதலெழுத்தையும் சேர்த்து "என்ஏகே" என்று எழுதினார். நேர்மையான தீர்வு அது.

நகயாமா 1912இல் டோக்கியோவில் பிறந்தவர். டோக்கியோ பல்கலைக்கழகத்தில் கணிதவியலாளர் தகாகியிடம் படித்தார், 1937 முதல் 1939 வரை பிரின்ஸ்டனில் இருந்தார். ஃப்ரோபீனியஸ் அல்ஜீப்ராக்கள் பற்றிய 1939, 1941 கட்டுரைகளே அவருடைய பெரிய உழைப்பு, பெயரைப் பரப்பிய லெம்மாக் கட்டுரையோ நகோயா கணித இதழின் 1951ஆம் ஆண்டு மூன்றாம் தொகுதியில் இரண்டே பக்கம். காசநோயால் 1964இல் காலமானபோது வயது 51.